நீலச் சாக்பீஸ்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே அம்மா சுகம். நானும் சுகம் என்றுதான் எழுத வருகிறது, அதை நம்பாதே, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

மூளையில் ரத்தக்குழாய் அடைத்து ஆஸ்பத்திரியில் கிடந்து வந்த பிறகு இடது கை செத்துவிட்டது என்று டாக்டர் சொன்னார், அம்மா சொன்னாள், நீயும் போனில் அழுதாய். கடைமேல் கண் வைத்துத்தான் நாடகமாடுகிறாய் என்று உன்னைத் திட்டினேன். பிடிவாதமாகக் கடைக்குப் போய்த் துணி அளந்தேன். இடது கை துணி முனையை மீட்டர் கோலோடு சேர்த்துப் பிடிக்க, வலது கை இழுக்க, நாலு விரல் கூடவிட்டுக் கத்தரி வைப்பதுதான் நம் கடைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. மூன்றாம் நாளே தையல்காரர் வந்து, மூணு சட்டைக்கு வாங்கினது ரெண்டுக்குத்தான் வருது முதலாளி, துணி சுருங்கிச்சா நீங்க சுருங்கிட்டீங்களா என்றார். வெட்டத் தெரியாதவனுக்கு வாய் வேறயா என்று விரட்டினேன். இருபது வருஷம் கூட நின்ற நம் நெட்டையன், உங்க இடது கை சும்மா கிடக்குது முதலாளி, நீங்க இழுக்க இழுக்க முனை நகருது என்றான். எல்லார் முன்னாலும் அவனை வெளியே போகச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் அம்மா என் இடது உள்ளங்கையில் நீலச் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு வெள்ளைத் துணியில் பத்து மீட்டர் அளங்க பார்ப்போம் என்றாள். அளந்தேன், இரண்டு கையாலும்தான் அளந்தேன். துணியில் ஒரு நீலப் பொட்டுகூட இல்லை. மட்டமான சாக்பீஸ், ஒட்டாது என்றேன். அவள் தன் விரலால் என் உள்ளங்கையைத் தொட்டு அதே விரலைத் துணியில் வைத்தாள். ஒட்டியது.

ஊரையே எடைபோட்ட எனக்கு என் கை தெரியவில்லை; கை செத்தது செத்தவனுக்கே தெரியாமல் போவதும் இந்த நோயில் உண்டு என்று டாக்டர் சொன்னது அப்போதுதான் புரிந்தது. நெட்டையனுக்கு ஆள் அனுப்பினேன், எதிர்க்கடையில் சேர்ந்துவிட்டான், வர மாட்டானாம். சரிதான், நானாக இருந்தாலும் வர மாட்டேன். கடைச் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். நாளைக்கே சாவியைக் கேட்பேன், மறுத்தால் உனக்குப் போன் போட்டுக் கத்துவேன். நீ அசைந்துகொடுக்காதே, இந்தக் கடிதத்தை எனக்கே படித்துக் காட்டு. உன்னைச் சொன்ன சொல்லுக்கு மன்னித்துவிடு. குறையில்லாமல் நன்றாக இருங்கள். மாப்பிள்ளைக்கு ரத்த அழுத்தம் பார்க்கச் சொல், தள்ளிப்போடாதே.

காகிதம் நகராமல் இடது கையால் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன் என்று இப்போதும் தோன்றுகிறது. குனிந்து பார்த்தேன், பிடித்திருக்கும் கையில் வளையல் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பா