ஓரத்துப் படகு

என் அருமை வாலுக்குட்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசைத்தான் கேட்காதே. அங்கே நீயும் மாப்பிள்ளையும் உள்ளே இருக்கிற குட்டி ஆளும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதுதான் எழுந்ததும் நினைப்பு, படுக்கும்போதும் அதே நினைப்பு. கால் வீக்கம் வடிந்ததா, படி ஏறக்கூடாது என்று டாக்டரம்மா சொன்னதைக் கேட்கிறாயா, இல்லை வழக்கம்போல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உன் இஷ்டத்துக்குத்தான் நடக்கிறாயா. முந்தாநாள் போனில் பேசும்போது உனக்கு மூச்சு வாங்கியது, கேட்டால் ஒன்றுமில்லை என்று பேச்சை மாற்றினாய், பெற்றவளுக்கே காது குத்தாதே. குளிக்கும் அறையில் வழுக்காத விரிப்பு ஒன்று வாங்கிப் போடச் சொல்லி மாப்பிள்ளையிடம் சொன்னேனே, போட்டாரா.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் ஒன்றைக் கேட்டால் நீ அப்போதே பதில் சொல்ல வேண்டும், உன் குரல் ஒரு மாதிரி ஆனால் என் குரலும் உடைந்துவிடும், அப்பா நடுவில் போனைப் பிடுங்கி அங்கே எத்தனை டிகிரி என்று கேட்க ஆரம்பித்துவிடுவார். இதற்கு நீ உடனே பதில் சொல்ல வேண்டாம், அதனால்தான் எழுதுகிறேன். பயப்படும்படி எதுவும் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயமெல்லாம் எனக்குத்தான்.

குழந்தையைச் சுற்றி எடுக்க வெள்ளைத் துணியில் பூவேலை செய்கிறேன் என்று சொன்னேன் இல்லையா, அது எந்தத் துணி என்று உன்னிடம் சொல்லவில்லை. போன தடவை வாங்கி வைத்த அதே துணிதான். நீகூடப் படம் பார்த்துத் தேர்ந்தெடுத்தாயே, ஓரம் முழுக்கச் சின்னச் சின்னப் படகு, அதை இஸ்திரி போட்டால் அழிகிற பேனாவால் வரைந்து முடித்திருந்தேன், தையல் வளையத்தில் மாட்டக்கூட இல்லை, அதற்குள் குழந்தை தங்கவில்லை என்று மாப்பிள்ளை போன் செய்துவிட்டார். ஒரு தையல்கூடப் போடாத துணி. அன்றைக்கே இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணி எல்லாப் படகையும் அழித்து அலமாரியின் அடியில் போட்டுவிட்டேன். இந்தத் தடவை நீ நல்ல சேதி சொன்னதும் கடை கடையாக ஏறி இறங்கினேன், அத்தனை மெத்தென்ற துணி எங்கேயும் கிடைக்கவில்லை, எல்லாம் கஞ்சி போட்டு விறைத்துக்கொண்டு நிற்கிறது, பச்சைக் குழந்தை மேலுக்கு உறுத்தாதா. கோடுதான் போய்விட்டதே, துணி என்ன பாவம் செய்தது என்று அதையே எடுத்து, படகை விட்டுவிட்டு இலைக்கொடியும் குருவியுமாகப் புதிதாக வரைந்து தைக்க உட்கார்ந்தேன். கொடி பச்சை, குருவிக்கு நெஞ்சு மட்டும் சிவப்பு. பாதிக்கு மேல் முடிந்துவிட்டது, நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, நன்றாகத்தான் வந்திருக்கிறது.

போன வாரம் பச்சை நூல் தீர்ந்துபோய் நூல்கடைக்குப் போனேன், அங்கேதான் பிடித்தது சனி. கடைக்காரம்மா நூலை எடுத்துக்கொண்டே பேச்சோடு பேச்சாக, இஸ்திரியில் அழிகிற அந்தப் பேனாவை மட்டும் நம்பாதீங்க அக்கா, சூட்டில் போன கோடு கடுங்குளிரில் திரும்பி வந்துவிடும், வெளிநாட்டு மகனுக்கு மேஜைவிரிப்பு அனுப்பின ஒருத்தருக்கு அப்படித்தான் ஆச்சு என்றாள். வாங்கப் போன நூலை வாங்காமலே வீடு வந்து சேர்ந்தேன். உங்கள் ஊரில் குழாய்த் தண்ணீரே உறைந்துபோகிறது என்கிறாய், பார்சல் வைக்கிற விமானத்தின் அடிப்பக்கமும் ஐஸாகத்தான் இருக்குமாம்.

அப்பாவிடம் வாயைக் கொடுத்தது என் தப்பு. வேலை பார்த்த காலம் முழுக்க ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்த்த மனுஷன், சும்மா இருப்பாரா. கவலைப்படுவதற்கு முன்னால் பார்த்துவிடுவோமே என்று, நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, துணியை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃப்ரீஸரில் ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். நான் சமையலை முடித்துவிட்டு வந்தபோது வெளியே எடுத்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னவென்று எட்டிப் பார்த்தால், கொடிக்கும் குருவிக்கும் அடியில் எல்லாப் படகும் வரிசையாக வந்து நிற்கிறது. நீ ஆசைப்பட்ட அதே படகு, அதே முக்கோணப் பாய். நீ அங்கே பார்சலைப் பிரித்து இதைப் பார்த்தால் உன் மனசு என்ன பாடுபடும், அதுவும் இந்த நிலைமையில், என்று நினைத்து அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இஸ்திரி போட்டால் மறுபடி மறையும், குளிர் பட்டால் மறுபடி வரும், இது ஒரு தீர்வா. அடியோடு எடுத்தாக வேண்டும் என்று தெருமுனைச் சலவைக்கடைக்காரரிடம் ஓடினேன். அவர் முதலில் கையில் வாங்கவே இல்லை, தையல் பாதியில் இருக்கிற துணியை நான் தொட மாட்டேன் என்றார். குழந்தைக்கு என்றதும் கொஞ்சம் இறங்கி வந்து வழி சொன்னார். ஊசி போடுவதற்கு முன் தடவுகிறார்களே அந்த ஸ்பிரிட், அதைப் பஞ்சில் தொட்டு, அடியில் ஒரு பழைய துணி விரித்து, ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டுமாம், தேய்க்கவே கூடாதாம், தேய்த்தால் இழை நகர்ந்துவிடும். அதற்கும் முன்னால் நூல் சாயம் விடுகிறதா என்று பார்க்க வேண்டும். பச்சை விடவில்லை. சிவப்பு விட்டது. கடைக்காரம்மா கெட்டிச் சாயம் என்று அடித்துச் சொல்லித்தான் கொடுத்தாள், வரட்டும் அவளுக்கு இருக்கிறது.

கோடு தெரிந்தால்தானே எடுக்க முடியும், அதனால் ஃப்ரீஸரில் வைப்பதும் எடுப்பதும் ஒற்றுவதும் மறுபடி வைத்துப் பார்ப்பதுமாக இந்த வாரம் முழுக்க இதே பிழைப்பு. அப்பா மேஜை விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார், அந்த மூலை விட்டுப்போச்சு, இந்த மூலை விட்டுப்போச்சு என்று மேற்பார்வை வேறு. ஒவ்வொரு படகாகப் போய்க்கொண்டுதான் இருந்தது. ஒரு குருவியின் நெஞ்சை ஒட்டி ஒரு படகின் நுனி இருந்தது, அதை எடுக்கும்போது பஞ்சு கொஞ்சம் நகர்ந்துவிட்டது, ஈரம் சிவப்பு நூலில் பட்டு வெள்ளையில் இறங்கிவிட்டது. கண்ணெதிரே பரவுகிறது. அந்த நிறத்தை அந்தத் துணியில் பார்த்ததும் எனக்கு என்ன நினைப்பு வந்தது என்று எழுத மாட்டேன், உனக்கே தெரியும். அப்பா விளக்கைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, மேலும் கீழும் வெள்ளைத் துணி வைத்து உள்ளங்கையால் அழுத்தி, துணியில் சாயம் ஏற ஏற வேறு துணி மாற்றி, கடைசியில் அந்த இடம் வெளுத்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. சனிக்கிழமை உன்னைக் கூப்பிட்டுச் சும்மாதான் கூப்பிட்டேன் என்றேனே, அது அப்போதுதான். தூக்கத்தைக் கெடுத்துவிட்டாய் என்று என்னைத் திட்டினாய். நீ திட்டியதைக் கேட்க அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எல்லாப் படகும் போய்விட்டது, ஒன்றே ஒன்று பாக்கி. கீழ் ஓரத்தில் கடைசியாக இருக்கிறது, பக்கத்தில் சிவப்பு நூலும் இல்லை, ஒரு நிமிஷ வேலை. பஞ்சை எடுத்துக்கொண்டு குனிந்தேன், அப்பா என் கையைப் பிடித்துவிட்டார். உனக்குத் தெரியும், அந்தக் குழந்தையைப் பற்றி இன்றுவரை அவர் வாயால் ஒரு வார்த்தை வந்ததில்லை, ஆம்பிளை மனசு கல்லு என்றுகூட நான் நினைத்திருக்கிறேன். அன்றைக்குச் சொன்னார், "அதுவும் நம்ம பேரப்பிள்ளைதானே. மொத்தமா துடைச்சு எடுக்கணுமா?" எனக்கு வந்ததே கோபம். வருகிற குழந்தையைச் சுற்றுகிற துணியில் அது எதற்கு, மகள் பார்த்து அழுவதற்கா என்று கத்திவிட்டேன். அவர் விளக்கை அணைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அதற்கப்புறம் நான் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தேன், கையில் பஞ்சும் இருந்தது, யாரும் தடுக்கவில்லை. ஆனாலும் என்னால் எடுக்க முடியவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டு என்ன பிரயோஜனம், அது உன் படகு. எடுத்துவிடு என்று நீ சொன்னால் எடுத்துவிடுகிறேன், அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். இருக்கட்டும் என்றால் அதை மட்டும் தைத்துவிடுகிறேன், படகுக்கென்று அப்போது வாங்கிய நீல நூல் உறை பிரிக்காமல் ஊசிப்பெட்டியிலேயே கிடக்கிறது. எதையும் சொல்ல வரவில்லை என்றால் அதுவும் சரிதான் கண்ணு, இஸ்திரி போட்டு அப்படியே அனுப்பிவிடுகிறேன், குளிரில் வந்தால் வரட்டும், உனக்கு வேண்டாத அன்றைக்கு மாப்பிள்ளையை இஸ்திரி போடச் சொல்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, இடது பக்கமாகப் படு, மாத்திரையை மறக்காதே, மாடிப்படியைத் திரும்பிக்கூடப் பார்க்காதே. இந்தத் தடவை எல்லாம் நல்லபடியாக நடக்கும், நீயும் குழந்தையும் நூறாண்டு நன்றாக இருப்பீர்கள், அம்மா மனசார வாழ்த்துகிறேன். கீழே அப்பாவும் ஒரு வரி எழுத வேண்டுமாம், இடம் விட்டிருக்கிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா

படகுக்கு ஃப்ரீஸரில் இடம் இருக்கிறது. நிதானமாக யோசித்துச் சொல், அவசரமே இல்லை. – அப்பா