விரிசலில் ஊற்றிய ரப்பர் பால்

9 நவம்பர் 1978, வியாழன்

நேற்று நிரப்பிய நீச்சல் குளத்தில் காலையில் தண்ணீர் கணுக்கால் அளவுதான் இருந்தது. விரிசல்களில் நான் ஊற்றி, ஆசிட் விட்டு உறையவைத்த ரப்பர் பால் தோல் தோலாக உரிந்து மிதந்தது.

ரப்பர் தோட்டம் கைமாறிய பிறகு துரை பங்களாவுக்கு நாங்கள்தான் காவல். பின்னாலிருக்கும் குளம் வருஷக்கணக்காகப் பாசி பிடித்துக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை என் மனைவி சரோஜா அதில்தான் ஞானஸ்நானம் எடுக்கப்போகிறாள். ஆற்றில் ஈயச் சுரங்கச் சேறு என்று பாஸ்டர் சொன்னதும், குளத்தை நானே சரிசெய்து தருகிறேன் என்றேன். கோயிலை விட்டுப் போகாதே என்று அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

"நேத்து குளோரின் போட்டது நான்தான் மச்சான். அதுனாலயா?" என்று அவள் தம்பி மணி கேட்டான். தெரியாது என்றேன்.

குளோரினில் ரப்பர் நிற்காது. இருபது வருஷம் ரப்பர் ஃபேக்டரியில் இருந்தவனுக்கு அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. கொட்டகையில் சிமெண்ட் மூட்டையும் இருந்தது.

மனசில் ஒன்றும் ஓடவில்லை. சாப்பிட்டேன், படுத்தேன்.

சாயங்காலம் எழுந்து போய்ப் பார்த்தால், சரோஜா தண்ணீர் முழுக்க வடிந்த குளத்துக்குள் குந்தி விரிசலில் சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தாள். மூட்டையை அவளே பிரித்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் கரண்டியை நீட்டினாள்.

"இது நிக்குமா? இதையாவது உண்மையா சொல்லுங்க."

"நிக்கும்" என்றேன். இறங்கி மிச்சத்தைப் பூசினேன். ஞாயிறு வரை நிற்கும். அதற்கப்புறமும் நிற்கும்.