முதல் பக்கத்துக்கு வந்த பூட்டுக்கடை

மகா கனம் பொருந்திய அம்மாவுக்கு, உன் வாலு எழுதுவது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எனக்கு ஒரு குறையும் இல்லை.

"நெட்டுல பூட்டு ரிப்பேர்னு தேடினா நம்ம கடை நாலாவது பக்கத்துல கிடக்குதுடா. முதல் பக்கத்துக்குக் கொண்டு வா, அக்கா கல்யாணத்துக்கு லீவு தர்றேன்" என்று முதலாளி சொன்னாரே, கொண்டு வந்துவிட்டேன். எங்கள் வெப்சைட்டில் 'தரமான பூட்டுச் சேவை' என்று ஜம்பமாக எழுதியிருந்தது. வெளியே மாட்டிக்கொண்டவன் அப்படியா தேடுவான்? போனில் புலம்புகிறவர்கள் சொல்வதை அப்படியே குறித்துவைத்து, 'சாவி உள்ளே, நான் வெளியே', 'சாவி பாதியில உடைஞ்சிருச்சு' என்று ஒவ்வொரு புலம்பலுக்கும் வெப்சைட்டில் ஒரு பக்கம் போட்டேன். மூன்றே மாதத்தில் முதல் பக்கம்.

அன்றிலிருந்து போன் ஓயவில்லை. லீவு கேட்டேன். முதலாளி தோளைத் தட்டி, "இவ்வளவு கூட்டத்தையும் கூட்டிவிட்டுட்டு நீ கிளம்பினா எப்படிடா ராசா?" என்றார். நாலாவது பக்கத்திலேயே கிடந்திருந்தால், ஈ ஓட்ட ஆள் எதற்கு என்று அவரே அனுப்பியிருப்பார். எனக்கு நானே சூனியம் வைத்துக்கொண்டேன்.

அக்காவிடம் நீயே சொல்லிவிடு. எனக்குத் தைத்த சட்டையைத் தம்பி போட்டுக்கொள்ளட்டும், கை நீளமாக இருந்தால் மடித்துவிடு. கல்யாண போட்டோ அனுப்பும்போது யார் யார் என்று எழுதி அனுப்பு. மாப்பிள்ளை வீட்டில் ஒருவரையும் எனக்குத் தெரியாது.

போன் அடிக்கிறது. யாரோ வீட்டுக்குள் போக முடியாமல் நிற்கிறார்கள். நான் போய்த்தான் திறக்க வேண்டும்.

உன் வாலு