கடைசி வரி வரைக்கும்

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். நீ சுகமா என்று கேட்க மனசு வரவில்லை, அவ்வளவு கோபத்தில் இருக்கிறேன். போனில் திட்டினால் "கஸ்டமர் வந்தாச்சுக்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது.

உன் கடையில் கண்ணாடி வாங்கிய டீச்சர் போன வாரம் என்னிடம் வந்தார். கண்ணில் மின்னல் வெட்டுகிறது, கரித்தூள் பறக்கிறது என்று உன்னிடம் சொன்னாராம். நீ பவர் பார்த்து, புது ஃபிரேம் மாட்டி அனுப்பியிருக்கிறாய். பன்னிரண்டு நாள் கழித்து, பாதிக் கண்ணில் திரை விழுந்த பிறகு வருகிறார். பழைய சுவரில் சுண்ணாம்பு பெயர்கிற மாதிரி விழித்திரை பெயர்ந்து கிடக்கிறது. இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து ஒட்டவைத்தேன். அன்றைக்கே வந்திருந்தால் பத்து நிமிஷ லேசரோடு போயிருக்கும். உனக்கு எத்தனை தடவைதான் சொல்வது? எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறதாம்? என் அறைக்குப் புதுக் கதவு போட்டார்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிலையைப் பார்த்தால் நடுவில் வளைந்திருக்கிறது. தச்சரை இரண்டு தடவை பிரிக்க வைத்தேன். "நூல் பிடிச்சுத்தான் வச்சேன் டாக்டர்" என்று சாதிக்கிறார். ஆபரேஷன் மைக்ரோஸ்கோப்பில் ஒரு பக்கம் மங்கல். கம்பெனி ஆள் மூன்று தடவை வந்து, "நல்லாத்தான் இருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டுப் போகிறான். நர்ஸ் வாங்கிவந்த கப்பில் டீ ஊற்றினால் பாதி மேஜைக்குப் போகிறது. ஒருத்தருக்கும் ஒரு வேலையும் தெரியவில்லை.

கோபம் குறையாத
அக்கா


ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

கவரைப் பிரிக்கும்போதே கை சுட்டது. டீச்சர் விஷயத்தில் தப்பு என்னுடையதுதான். "டாக்டரப் பாருங்க" என்றேன். "ஸ்கூல் அட்மிஷன் முடியட்டும்" என்றார். நானும் விட்டுவிட்டேன், விட்டிருக்கக் கூடாது. வீட்டுக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தேன். இப்போதெல்லாம் மின்னல் என்று யாராவது வாயைத் திறந்தால் நான் ஃபிரேமைக் காட்டுவதே இல்லை, உன் விலாசத்தைத்தான் காட்டுகிறேன்.

இனி எழுதுவதைக் கோபப்படாமல் படி. தச்சர், கம்பெனி ஆள், நர்ஸ், இந்த மூன்று பேரும் ஒரே சமயத்திலா வேலையை மறந்துபோவார்கள்? உன் கண்ணை யாரிடமாவது காட்டு.

உன்
தம்பி


ஜூன் 17

தம்பிக்கு,

கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்துவிட்டாயா? முப்பத்தொரு வருஷமாக விழித்திரையோடு மல்லுக்கட்டுகிறேன். தலைமுடியைவிட மெல்லிய சவ்வைக் கிழியாமல் உரித்தெடுக்கிறவள் நான்.

நீ கேட்டாயே என்று என் அறையில் நோயாளிகள் படிக்கிற எழுத்து போர்டையும் பார்த்தேன். வலது, இடது, இரண்டு கண்ணாலும் கடைசி வரி வரைக்கும் சரசரவென்று படித்தேன். போதுமா? போன வாரம் ஒரு லாரி டிரைவருக்கு ஆபரேஷன், வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் இழுத்தது. அந்தப் பாழாய்ப்போன மைக்ரோஸ்கோப்தான் காரணம். அடுத்த வியாழக்கிழமை இன்னும் நாலு பேர் காத்திருக்கிறார்கள். கண்ணாடிக் கடையில் உட்கார்ந்துகொண்டு எனக்கு வைத்தியம் பார்க்காதே.

அக்கா


ஜூன் 20

அக்கா,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் கூரியர்.

அந்த போர்டு உன் அறையில் எத்தனை வருஷமாகத் தொங்குகிறது? தினமும் நாற்பது பேர் அதை உன் காதுபடப் படிக்கிறார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாய். நீ படிக்கவில்லை அக்கா, ஒப்பித்திருக்கிறாய். டிரைவிங் லைசென்ஸுக்கு என் கடைக்கு வருகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். அவர்களைப் பிடித்துப் பிடித்து எனக்குப் பழகிவிட்டது.

ஜன்னல் கம்பியைப் பார். ஒரு கண்ணால் ஒரு தடவை, மறு கண்ணால் ஒரு தடவை. உனக்குத் தெரியாததா? வியாழக்கிழமைக்கு முன்னால் பார். கம்பி நேராக இருந்தால் என்னைத் தம்பி என்றே கூப்பிட வேண்டாம். உனக்காக மட்டும் பயப்படவில்லை. அந்த நாலு பேரும் உன்னை நம்பிப் படுக்கப் போகிறார்கள்.

தம்பி


ஜூன் 24

அன்புள்ள தம்பிக்கு,

இடது கண்ணுக்கு ஜன்னல் கம்பி நேராகத்தான் இருந்தது. வலது கண்ணுக்கு நடுவில் வளைந்து, வளைந்த இடத்தில் ஒரு துண்டையே காணோம். நோயாளிகள் செய்கிற மாதிரியே கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தேன். என் ஜூனியர் டாக்டர் ஸ்கேன் எடுத்தாள். படத்தைக் காட்டத் தயங்கினாள், நானே பிடுங்கிப் பார்த்தேன். விழித்திரையின் நடு மையத்தில் ஓட்டை. "இது வந்து ரெண்டு மூணு மாசமாவது ஆகியிருக்கும்" என்று பாடம் எடுக்கிற மாதிரி அவளுக்குச் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது என் கண் என்று உறைத்தது.

நாலு ஆபரேஷனையும் அவளிடம் கொடுத்துவிட்டேன். லாரி டிரைவரை வரச் சொல்லி இருவருமாகப் பார்த்தோம். கண் பிழைத்திருக்கிறது. கைப்பழக்கத்தில் பிழைத்ததே தவிர, நான் பார்த்துச் செய்து இல்லை. நடந்ததை அவரிடமே சொன்னேன். "பரவால்ல டாக்டரம்மா" என்றார். என்ன பரவாயில்லை? நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தச்சரிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. நர்ஸிடம் இன்னும் இல்லை, அவள் ரொம்பத் துள்ளுவாள்.

என்னோடு படித்தவன் அடுத்த வாரம் புதன்கிழமை எனக்கு ஆபரேஷன் செய்கிறான். ஓட்டையை மூடிவிடலாமாம். மறுபடி ஆபரேஷன் செய்கிற அளவுக்குப் பார்வை வருமா என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றான். நான் ஒருவரிடம் "பாக்கலாம்" என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பயமாக இருக்கிறது தம்பி.

கூட ஆள் இல்லாமல் வருகிற நோயாளியை நான் சேர்த்துக்கொள்வதில்லை. "எனக்கு யாருமில்லை" என்று சொன்னவர்களைக்கூடத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இன்றைக்குப் படிவத்தில் உடன் இருப்பவர் பெயர் கேட்ட இடத்தில் பேனா நின்றுவிட்டது. உன்னைக் கேட்காமலே உன் பெயரைப் போட்டுவிட்டேன். கடையைப் பத்து நாள் மூடிவிட்டு வருவாயா?

அக்கா