பின்சுவர்க் கேமராவின் பதிவு

அனுப்புநர்
லாங்கி அவ்முவா,
(காலஞ்சென்ற மலாக்கி அவ்முவாவின் அக்காள்)
ஓட்டாரா, தெற்கு ஆக்லாந்து.

பெறுநர்
குறைதீர் அலுவலர் அவர்கள்,
'தெரு ஒன்பது' நகர இளைஞர் தொலைக்காட்சி,
மானுகாவ்.

பொருள்: 'வாய்ச்சண்டை' ராப் போட்டி – 14.03.2026 அன்று பதிவான இறுதிச் சுற்று – பின்சுவர்க் கேமராவின் பதிவை அழிக்கும் முன் எனக்கு ஒருமுறை காட்டவும், என் தம்பி வரும் கேலித் துணுக்கை நிறுத்தவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது மனுக்கள், நாள் 20.04.2026 மற்றும் 11.05.2026.
2. தங்கள் பதில் கடிதம், நாள் 22.05.2026.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. எனக்கு மூன்று வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. விமான நிலையத்துக்கு அருகில் துணி வெளுக்கும் ஆலையில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அங்கே இயந்திரங்களின் இரைச்சலில் மற்றவர்களுக்குத் தலை வலிக்கும், எனக்கு வலிப்பதில்லை. இதை இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. என் மனுக்களைப் படித்த தங்கள் அலுவலர், 'தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள்' என்று இரண்டு முறை எழுதியிருக்கிறார். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2. எங்கள் நகர மக்களின் வரிப்பணத்தில் தங்கள் தொலைக்காட்சி தொடங்கிய நாள் முதல் நான் அதைப் பார்த்து வருகிறேன். காரணம், திரையின் வலது மூலையில் இருந்த சிறு கட்டம். அதில் மெரேயானா என்ற மொழிபெயர்ப்பாளர் நின்று, மேடையில் பிள்ளைகள் பாடுவதையும் திட்டிக்கொள்வதையும் சைகை மொழியில் சொல்வார். ராப் பாட்டின் வேகத்துக்குக் கை ஓட வேண்டும் என்றால் அது லேசான காரியம் இல்லை. அவர் வியர்த்து ஒழுக நின்று சொல்வார்.

3. என் தம்பி மலாக்கி பத்தொன்பது வயதில் 'வாய்ச்சண்டை'யில் சேர்ந்தான். எங்கள் சமோவா வீடுகளில் அக்காள் எதிரில் தம்பி கெட்ட வார்த்தை பேசக்கூடாது, அது பெரிய அவமரியாதை. எனக்குத்தான் காது கேட்காதே என்ற தைரியத்தில் முதல் சுற்றில் அவன் வாய்க்கு வந்தபடி பாடிவிட்டான். மெரேயானா ஒன்று விடாமல் கையால் சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்தவன் என் முகத்தைப் பார்க்காமல் தட்டில் இருந்த டாரோக் கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுவாரம் மெரேயானாவிடம் போய், "ஆன்ட்டி, அந்த மாதிரி வார்த்தை வந்தா கொஞ்சம் விட்டுருங்களேன், அக்கா பாக்குது" என்று கெஞ்சியிருக்கிறான். அவர், "நீ வாயைக் கழுவு தம்பி, நான் எதுக்குக் கையைக் கழுவணும்?" என்று கேட்டாராம். அதன்பிறகு அவன் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாமல் எதிராளியை அழவைக்கக் கற்றுக்கொண்டான். இறுதிச் சுற்றுவரை வந்தது அப்படித்தான். இதில் தங்கள் தொலைக்காட்சிக்கும் பங்கு உண்டு, அதை நான் மறக்கவில்லை.

4. இந்த ஆண்டு பிப்ரவரியில் மூலைக் கட்டத்தை எடுத்துவிட்டு, கணினி தானாகப் போடும் எழுத்துப் பட்டையைத் திரையின் அடியில் கொண்டுவந்தீர்கள். 'அனைவரையும் சென்றடையும் நவீன வசதி' என்று அறிவித்தீர்கள். பாதி ஆங்கிலமும் பாதி சமோவா மொழியுமாகப் பாடும் எங்கள் பிள்ளைகளின் பேச்சு அந்தக் கணினிக்குப் பிடிபடவில்லை. மார்ச் 21 அன்று இறுதிச் சுற்று ஒளிபரப்பானபோது, என் தம்பி பாடிய நான்கு நிமிடமும் பட்டையில் '(இசை)' என்ற ஒரே சொல் நின்றது.

5. அந்தச் சுற்றில் அவன் தோற்றான். பாட்டின் நடுவே மூன்று இடங்களில் வாய் மூடி நின்றுவிட்டான், தாளம் மட்டும் ஓடியது, வார்த்தை மறந்துவிட்டது என்று நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். அவன் நின்ற அந்த நேரங்களில் தங்கள் ஒளிபரப்பு, சிரிக்கும் கூட்டத்தையும் அவன் முகத்தையும் மட்டுமே காட்டியது. மறுநாளே அந்த முகத்தை வெட்டி 'மறந்தவர்கள்' என்ற துணுக்கில் சேர்த்தீர்கள்.

6. வெட்கத்தோடு ஒன்றை எழுதுகிறேன். அந்தத் துணுக்கைப் பார்த்து நானும் சிரித்தேன். "என்னடா, பாட்டு மறந்து போச்சாமே பெரிய புலவருக்கு" என்று அவனைச் சைகையில் கிண்டல் செய்தேன். அவன் கோபப்படவில்லை. "மறக்கலக்கா. அவங்ககிட்ட இன்னொரு கேமரா இருக்கு, அதுல எல்லாம் இருக்கும். வாங்கிட்டு வரேன், அப்ப பாரு" என்றான். என்னடா விஷயம், இப்போதே சொல் என்றேன். "மேடையில சொன்னத அடுப்படியில சொன்னா நல்லாவா இருக்கும்?" என்று கையை மடக்கிக்கொண்டான். நானும் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். இரண்டு கையையும் பிடித்து இழுத்தாவது அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

7. மார்ச் 30 அன்று துறைமுக வாயிலில் உள்ள பாறைகளில் மீன் பிடிக்கப் போனவனை அலை இழுத்துக்கொண்டது. இரண்டு நாள் கழித்துத்தான் கிடைத்தான்.

8. அடக்கத்தின்போது தேவாலயத்தில் அவனுடைய நண்பர்கள் அந்தப் பாட்டைப் பாடினார்கள். எல்லோரும் அழுதபடி திரும்பி என்னைப் பார்த்தார்கள். என்ன பாடுகிறார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். "உன்னப் பத்தித்தான்டி. அப்புறம் சொல்றேன்" என்றார். பிறகு எங்கள் சித்தி மகன் பாட்டை எழுதிக் கொடுத்தான். ஆலைக்குப் போகும் அக்காள், அவள் கட்டிக்கொடுக்கும் சோறு என்று நல்லவிதமாகவே இருக்கிறது. ஆனால் மூன்று இடத்தில் இரண்டிரண்டு வரி இடைவெளி விட்டிருந்தான். என்ன இது என்று கேட்டேன். "அங்கதான் மறந்துட்டான். எப்பவும் போல சும்மா கைய ஆட்டிக்கிட்டு நின்னான்" என்றான்.

9. தங்கள் அலுவலகத்தில் கேமரா இயக்கும் சேலா என்ற பெண்ணும் அடக்கத்துக்கு வந்திருந்தார். அவருக்குச் சைகை மொழி தெரியாது. மெரேயானாவை நடுவில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "நான் எத்தனையோ ராப் பசங்களப் பாத்திருக்கேன், எல்லாரும் கைய ஆட்டுவாங்க. இவன் ஆட்டினது அப்படி இல்ல. தாளத்துக்கு ஆடல. மெதுவா, ஒரே பக்கமா, யாருக்கோ சொல்ற மாதிரி ஆட்டினான். உங்க மூலைக் கட்டத்துக்காக மெரேயானா முன்னாடி நின்ன பக்கம் பாத்து." தாம் முகத்தை எடுத்துக்கொண்டிருந்ததாகவும், பின்சுவரில் பொருத்திய கேமராவில்தான் முழு மேடையும் தொடர்ந்து பதிவாகியிருக்கும் என்றும் அவர் சொன்னார். இதைச் சொன்னதற்காக அவர்மீது எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

10. அம்மையீர், என் தம்பி எதையும் மறக்கவில்லை. மூலைக் கட்டத்தை எடுத்துவிட்டீர்கள் என்று தெரிந்து, பாட்டில் எனக்கான பகுதியை அவனே கையால் சொல்லியிருக்கிறான். அதற்காகத் தோற்றும் இருக்கிறான். அரங்கில் இருந்த முந்நூறு பேருக்கும் அது வெறும் கையாட்டல். புரிந்துகொள்ளக்கூடிய ஒருத்தியான நான் வீட்டில் உட்கார்ந்து, '(இசை)' என்பதைப் படித்துக்கொண்டிருந்தேன்.

11. தங்கள் பதில் கடிதத்தில், ஒளிபரப்பில் சேராத காட்சிகளை வெளியாருக்குக் காட்ட விதியில்லை என்றும், 'நிகழ்ச்சியில் தோன்றியவர் நேரில் வந்து விண்ணப்பிக்கலாம்' என்றும் எழுதியுள்ளீர்கள். நான் இறப்புச் சான்றிதழை இணைத்துத்தான் அனுப்பியிருந்தேன். அதைப் பிரித்துப் பார்த்தார்களா என்று தெரியவில்லை. மீண்டும் இணைத்துள்ளேன்.

12. அதே கடிதத்தின் கடைசி வரியில், பயன்படாத காட்சிகள் தொண்ணூறு நாளில் அழிக்கப்படும் என்று உள்ளது. அந்த நாள் ஜூன் 12. இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

ஆகவே 'மறந்தவர்கள்' துணுக்கிலிருந்து என் தம்பியின் முகத்தை இன்றே எடுத்துவிட வேண்டும். அந்தத் துணுக்கு வரும் நேரத்தில் அம்மா தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுகிறார். மூலைக் கட்டத்தையும் மெரேயானாவையும் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று எங்கள் பகுதியில் காது கேளாதோர் நாற்பத்தொரு பேர் கையொப்பமிட்ட தாளை இணைத்துள்ளேன். அதைத் தாங்கள் நிதானமாகப் பரிசீலிக்கலாம். அவர்கள் காத்திருப்பார்கள்.

பின்சுவர்க் கேமராவின் பதிவுக்கு மட்டும் காத்திருக்க நேரம் இல்லை. அதன் நகல் கேட்கவில்லை. ஒளிபரப்பச் சொல்லவும் இல்லை. தங்கள் அலுவலகத்தில் ஏதாவது ஒரு திரையில், அந்த நான்கு நிமிடத்தை நான் பார்த்தால் போதும். காவலுக்கு யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் எல்லோரும் தவறாக நினைத்திருந்து, அவன் உண்மையிலேயே மறந்துபோய் சும்மா கையை ஆட்டியிருந்தால், அதையும் என் கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டு, இனி தொந்தரவு செய்யாமல் போய்விடுகிறேன்.

எந்த நாள், எந்த நேரம் என்று எழுத்தில் தெரிவியுங்கள், ஆலையில் விடுப்புச் சொல்லிவிட்டு வருகிறேன். சிறிய திரையானாலும் பரவாயில்லை. ஒலி வேண்டாம்.

இடம்: ஓட்டாரா
நாள்: 03.06.2026

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
லாங்கி அவ்முவா

இணைப்பு: இறப்புச் சான்றிதழ் நகல் (இரண்டாம் முறை), தங்கள் 22.05.2026 கடித நகல், கையொப்பத் தாள், சித்தி மகன் எழுதிய பாட்டு, மூன்று இடைவெளிகளுடன்.