பொதுவில் இருந்த ஓவர்கோட்டு

அண்ணே,

இன்று காலை டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டை வாசனையோடு உங்கள் ஓவர்கோட்டு மேலே கிடந்தது. ரங்கூன் புழுக்கத்தில் தொட்டாலே வியர்க்கிறது. அதைக் கேட்டு ஆள் வந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு அனுதாபக் கூட்டமாம். மேடையில் உங்கள் படத்துக்குப் பக்கத்தில் கோட்டையும் மாட்டி மாலை போடுவார்களாம். தலைமை வகிப்பவன், க்யிம்யிண்டைங் பேட்டை அரிசி ஆலைக்காரரின் மகன். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

துறைமுகக் கூலியின் மகன் நீங்கள். கப்பலில் கரி அள்ளி ஹாம்பர்க்கில் இறங்கி, சாயத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே பெர்லினில் ரசாயனம் படித்தீர்கள். புதிதாகப் படிக்க வருகிறவன் எவனானாலும் ரயில் நிலையத்தில் இந்தக் கோட்டோடு காத்து நிற்பீர்கள். சொந்தமாக ஒன்று வாங்கும்வரை அவன் போட்டுக்கொள்வான். அடுத்தவன் வந்ததும் கழற்றிக் கொடுப்பான். பெர்லினில் உங்கள் அறையில் இன்னொரு வழக்கமும் இருந்தது. வந்தவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பெயர், ஊர், தகப்பன் பெயர் எதையும் கேட்கக் கூடாது. நான் போய் இறங்கிய அன்று, ஊர்ப் பழக்கத்தில், கேட்காமலே என் வம்சத்தைச் சொல்லத் தொடங்கினேன்.

"மொதல்ல சாப்பிடு தம்பி. ஒன் பேரு எங்கயும் ஓடிடாது" என்று உருளைக்கிழங்குத் தட்டை நகர்த்தினீர்கள்.

ஆலைக்காரர் மகனும் அந்தத் தட்டில்தான் சாப்பிட்டான். ஒரு குளிர்காலம் முழுக்க இதே கோட்டைப் போட்டுக்கொண்டு திரிந்தான். விரிவுரை புரியாமல் அழுதவனுக்கு நீங்கள்தான் வரிவரியாகச் சொல்லிக் கொடுத்தீர்கள்.

அவன் முந்திக்கொண்டு ஊர் திரும்பினான். பிறகு நாம் இருவரும் ஒரே கப்பலில் வந்தோம். இங்கிருந்து போகிறவனுக்குப் போட்டு அனுப்பலாம் என்று கோட்டையும் கொண்டுவந்தீர்கள். ஜெர்மன் பட்டத்தை எந்த அலுவலகமும் மதிக்கவில்லை. ஆலையில் வேலை கேட்கலாமென்று அவன் வீட்டுக்குப் போனோம். சாப்பாட்டு நேரம். எனக்குக் கூடத்தில் இலை போட்டார்கள். உங்களுக்கு நெல் கொட்டகையில். நான் எழுந்து போய், இது என்ன நியாயம் என்று அவனைப் பிடித்துக்கொண்டேன். அவன் தன் தகப்பன் பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே சொன்னான்:

"அது ஜெர்மனிண்ணே. இது எங்கப்பா வீடு."

நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றீர்கள். லான்மடா தெருவில் ஒரு பர்மியப் பெண்ணின் கடையில், மீன்குழம்பு ஊற்றிய மொகிங்கா சேமியா சாப்பிட்டோம். அவள் நம்மிடம் ஒன்றும் கேட்கவில்லை. படித்த படிப்புக்குக் கடைசியில் படகுத்துறையில் மூட்டை நிறுக்கும் வேலைதான் கிடைத்தது. மழைக்காலக் காய்ச்சலில் போனீர்கள். உங்களைத் தூக்கிப்போன அன்று அவன் வரவில்லை. இப்போது மாலையோடு வருகிறான்.

நேற்று துறைமுகக் கூலிகளின் குடியிருப்பு வரிசையிலிருந்து ஒருவன் என்னைத் தேடி வந்தான். பெர்லினுக்குப் படிக்கப் போகிறானாம். வாசலிலேயே கைகட்டி நின்று, தான் இன்னார் மகன், இன்ன ஆட்கள் என்று ஒப்பிக்கத் தொடங்கினான். யார் பழக்கினார்கள் இவனை இப்படி? உள்ளே கூட்டிவந்து என் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டேன். கை கழுவிய பிறகு பெயரை மட்டும் கேட்டேன்.

கோட்டு அவனுக்கு. இந்த வாரம் கப்பல் ஏறும். கோட்டைக் கேட்டு வந்த ஆளிடம் அதைச் சொன்னேன். "கோட்டு மாட்ட மேடையில ஆணி அடிச்சாச்சுங்களே, சின்ன மொதலாளி என்னைத்தானே திட்டுவாரு" என்று முனகினான்.

ஆணி இருக்கட்டும், அண்ணே. ஞாயிற்றுக்கிழமை நான் மேடையேறி, அந்த வெறும் ஆணியைக் காட்டித்தான் நெல் கொட்டகையில் போட்ட இலையைப் பற்றிப் பேசப்போகிறேன்.