பிரித்த கவசம்

மார்ச் 4

அன்புள்ள உங்களுக்கு,

ஊசி எழுதுகிறேன். நான் நலம். சுரங்கப்பாதை வேலையில் குளிர் எப்படி? கம்பளிச் சட்டையின் மேல் பொத்தானைப் போடாமல் திரிவீர்கள், தெரியும்.

"மலையில சிக்னல் கிடையாது. நான் வர்ற வரைக்கும் கருங்கல்லைப் பாத்துக்கோ. தினம் ஒரு தடவை உள்ளே போகலைன்னா குழுவிலிருந்து தூக்கிடுவாங்க" என்று உங்கள் கணினி விளையாட்டு வீரனை என் தலையில் கட்டிவிட்டுப் போனீர்கள். கண்ணும் கருத்துமாகத்தான் பார்த்தேன்.

அதுவே வினையாகிவிட்டது. நேற்று அவன் கவசம் கிழியப்போகிறது என்று சிவப்பு எழுத்து வந்தது. பக்கத்தில் 'பிரி' என்று ஒரு பொத்தான். தையல்காரிக்கு என்ன தோன்றும்? பிரித்துத் தைத்தால் புதிதாகிவிடும் என்று அழுத்தினேன். நூலும் தோலும் கொஞ்சம் இரும்பும் கிடைத்தன. திரும்பத் தைக்கத்தான் எங்கே தேடியும் வழியில்லை. திட்டாதீர்கள்.

உங்கள் ஊசி

மார்ச் 12

ஊசிக்கு,

அந்தக் கவசம் என் மூன்று வருஷ உழைப்பு. எண்பதாம் நிலைவரை ஏறி, பனி அரக்கனை வாராவாரம் அடித்து, துண்டு துண்டாகச் சேர்த்தது. உன்னை யார் அதில் கை வைக்கச் சொன்னது? இனி உள்ளேயே போகாதே. குழுவிலிருந்து தூக்கினால் தூக்கட்டும். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன.

நான்

மார்ச் 21

அன்புள்ள உங்களுக்கு,

நலமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகட்டும்.

உங்கள் கடிதம் வருவதற்குள் நான் விளையாட்டுக்குள்ளேயே குழுவிடம் போய் அழுதுவிட்டேன். கருங்கல்லின் மனைவி என்றதும் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி சொன்னாள்: "அண்ணன் மாதிரி பொறுமைசாலி யாரு அண்ணி? நான் முதல் நிலையில திணறினப்ப, காடு முழுக்க என் வேகத்துக்கே நடந்து வந்தாரு."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கடைத்தெருவில் நீங்கள் எப்போதும் பத்தடி முன்னால் போகிறவர். காய்கறிப் பையோடு உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டே வருகிறவள் நான். அந்த மூன்று வருஷமும் பக்கத்து அறையில்தான் மெஷின் மிதித்துக்கொண்டிருந்தேன். உங்களிடம் பொறுமை என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. கவசத்துக்காக வருந்துகிறேன். ஆனால் எனக்கு இது வலிக்கிறது. வந்த பிறகும் அந்த முதுகுதான் என்றால், நான் அக்காவோடு இருந்துவிடுகிறேன். அங்கேயும் மெஷின் இருக்கிறது.

ஊசி

ஏப்ரல் 2

அன்புள்ள ஊசிக்கு,

நலமா?

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. முதல் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

நேற்று சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும்போது கூட வேலை பார்க்கிற வெல்டரிடம் கேட்டேன், நான் முன்னால் போகிறவனா என்று. "எப்பவும்தான். நாங்க கூப்பிடுறதையே விட்டுட்டோம்" என்றான். விளையாட்டில் கூட வருகிறவர் பின்தங்கினால் ஒரு மணி அடிக்கும், நான் நின்றுவிடுவேன். அந்த மணியைத்தான் அவர்கள் பொறுமை என்கிறார்கள். தெருவில் நீ கூப்பிட்டிருப்பாய். எனக்குத்தான் காதில் விழவில்லை.

பதினெட்டாம் தேதி காலை பேருந்தில் வருகிறேன். நிலையத்துக்கு வா. பையை நான் தூக்குகிறேன், நீ முன்னால் நட. இந்த வேலையில் நான் இன்னும் முதல் நிலைதான். கவசமும் வேண்டாம். மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நிலையத்தில் நீ இல்லாவிட்டால், அக்கா வீட்டுக்கு எனக்கு வழி தெரியும். மெதுவாகவே வருகிறேன்.

உன் கருங்கல்